கண் சிவந்தால் கல்லா வேண்டாம்

2022 நவம்பரில் தமிழகமெங்கும் 'மெட்ராஸ் ஐ' பரவியபோது, நம்மில் சிலர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கல்லாவில் அமர்ந்தோம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம்தான் காரணம். உண்மையில் இந்நோய் பார்வையால் பரவுவதில்லை; கண்ணைக் கசக்கிய கையாலும், அந்தக் கை தொட்ட தராசு, பேனா, துண்டு இவற்றாலும்தான் பரவுகிறது. ஆகவே கடையில் சோப்பும் தண்ணீரும் அவசியம்.

பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓரிரு வாரத்தில் தானே குணமாகும். நாமாகச் சொட்டு மருந்து வாங்கி விடுவது ஆபத்து. கடும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கண் சிவந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்போம். கூலி போய்விடுமென்று அவர் மறைத்தால் கடையே படுத்துவிடும். சில நாள் கூலியைவிட அது பெரிய நஷ்டம். முதலாளிகளான நமக்கும் இதே விதிதான். வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.