இருநூறு வில்லை இலாபம்!
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

சூதில் தோற்றவனுக்காக இரங்குகிறோம். வாரிக் குவித்தவனைக் கண்டு வியக்கிறோம். மயிரிழையில் வென்றவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால், கவலைக்குரியவன் அவனே என்பது என் கருத்து.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பேருந்தில் மாணவர் பலர் கைப்பேசியில் ‘போக்கர்’ என்னும் சீட்டாட்டம் ஆடுகின்றனர். பணமில்லை, செயலி இலவசமாகத் தரும் பொய்க் காசுதான். அண்மையில் நண்பர் ஒருவர் மூன்று மணி நேரம் ஆடி, 10,000 வில்லைகளை 10,200 ஆக்கினார். “கணக்குப் போட்டு ஆடினால் தோல்வியே இல்லை” என்றார். அந்தக் கணக்கைச் சற்றே பார்ப்போமா?

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் 100 வில்லை வரவு. பூ விழுந்தால் 100 வில்லை செலவு. தலை 51, பூ 49 என விழுந்தால் இலாபம் சரியாக 200! நூறு பேர் இவ்வாறு சுண்டினால், ஏறத்தாழ 46 பேர் ஏதேனும் ஓர் இலாபத்தோடு எழுந்திருப்பர். அவர்களையெல்லாம் நாணயம் சுண்டுவதில் வல்லவர் என்போமா?

போக்கரில் திறமைக்கு இடமில்லை என்று நான் கூறவில்லை. அது திறமை ஆட்டமே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அத்திறமை ஒரே மாலையில் புலப்படுவதன்று. பல்லாயிரம் ஆட்டங்களின் வரவு செலவில்தான் புலப்படும். மேலும், இழப்பதற்கு ஏதுமில்லாதவர் எந்தச் சீட்டுக்கும் துணிந்து பந்தயம் கட்டுவர். அவர்களை வென்றது திறமைக்குச் சான்றாகுமா? பணம் வைத்து ஆடும் இடத்திலோ, நடத்துபவர் பந்தயத் தொகையில் தமக்கொரு பங்கை எடுத்துக்கொள்வார். இந்த 200 அங்கே நட்டமாகவே முடிந்திருக்கக் கூடும்.

சூதில் வரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். முள்ளில் பெரிய இரை தேவையில்லை; சிறு புழுவே போதும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பொய்க் காசு ஆட்டம் அத்தடைக்குள் வராது. வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் “நான் வெல்வேன்” என்னும் மயக்கத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோர் மணிலாக்கொட்டை மூட்டையை விற்றுவிட்டு, விதை, உரம், களையெடுப்புக் கூலி, வண்டி வாடகை அனைத்தையும் கழித்த பின்னரே இலாபம் என்பர். பள்ளி வாசலை மிதிக்காதவருக்குத் தெரிந்த இக்கணக்கு, பட்டம் பெறப் போகும் நமக்குத் தெரிய வேண்டாமா? நண்பரின் 200 வில்லைகளுக்கு ஒரு தேநீர் கூடக் கிடைக்காது. செலவான மூன்று மணி நேரமோ உண்மையானது!

பொழுதுபோக்காக ஆடுங்கள், நண்பர்களே! ஆடி முடித்ததும் வரவோடு செலவையும் எழுதுங்கள். நூறு நாள் கணக்கு கையில் இல்லாமல் ‘வென்றேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.