மனோன்மணியின் இசைவு

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) நாடகத்தைப் பயிற்றுங்கால் மாணவர் நெஞ்சைக் குடிலனின் சூழ்ச்சியே கவர்கிறது. நாமோ மனோன்மணியிடமே நின்றுவிடுகிறோம். கனவிற் கண்ட புருடோத்தமனை உள்ளத்தில் வைத்துக்கொண்டே, தந்தை சீவகனின் துயர் தீரப் பலதேவனை மணக்க அவள் இசைகிறாள். பாண்டியனும் சேரனும் பொருத போரினும் கொடியது அவள் நெஞ்சில் நிகழ்ந்த போர்.

நாடகத்தில் சுரங்க வழியே புருடோத்தமன் வந்து சேர்கிறான். நம் பூந்தமல்லித் தெருக்களில் அப்படி எவரும் வருவதில்லை. படிப்பை இடையில் நிறுத்தி மணம் பேசப்பெற்ற மாணவி ஒருத்தி, "அத்தா சொன்னால் சரிதான் ஐயா" என்று நம்மிடம் கூறித் தலைகுனிந்தாள்.

நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதம் கேட்பது மார்க்கம் விதித்த கடமை. கன்னியின் மௌனம் சம்மதமெனக் கொள்ளப்படும் என்பதும் உண்மையே. ஆயின், அச்சத்தால் வாயடைத்த மௌனத்தையும் அவ்வாறே கொள்ளலாமா? பந்தலில் கேட்பதற்கு முன்னரே, வீட்டில் ஒருமுறை, மறுப்பதற்கும் இடம் வைத்துப் பெரியவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.