எரித்த உடல் எழுமா?

2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் வழக்கத்தை மீறி ஒரு முடிவெடுத்தது. கொரோனாவில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்து, சாம்பலை அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று அறிவித்தார் ஆயர் ஜேம்ஸ் ஆனாபறம்பில். கடலும் காயலும் சூழ்ந்த மண் அது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். தொற்று நெறிமுறை கேட்ட ஆழத்துக்கு அங்கே குழி வெட்ட முடியவில்லை. மாராரிக்குளத்தில் சிதை மூட்டப்பட்டதைப் பலரும் நெருக்கடி காலச் சலுகையாகப் பார்த்தார்கள். ஆனால் தகனத்துக்கான அனுமதியை உரோமை 1963இலேயே கொடுத்துவிட்டது. 57 ஆண்டுகள் ஆகியும் விசுவாசிகளின் மனம் அதற்கு இணங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்தத் தயக்கத்தை வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது. ஆன்மா அழியாது என்று பல மதங்கள் சொல்கின்றன. கிறிஸ்தவம் அதற்கு மேலே ஒன்றைச் சொல்கிறது: இறுதி நாளில் உடலும் எழும். விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவிக்கும் ஒவ்வொருவரும் அறிக்கையிடுவது இதைத்தான். ஏதென்ஸில் திருத்தூதர் பவுல் பேசியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேலியில் இறங்கியதும் இந்த இடத்தில்தான். உடலை ஆன்மாவின் சிறையாகக் கண்ட கிரேக்க மரபுக்கு, விடுதலையான கைதி மறுபடி சிறைக்குத் திரும்புவது நல்ல செய்தியாகவா இருக்கும்?

1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் இரண்டு மரணங்களை அருகருகே வைத்தார். சாக்ரடீஸ் அமைதியாக நஞ்சைக் குடிக்கிறார். இயேசுவோ கெத்செமனே தோட்டத்தில் கலங்கி நடுங்குகிறார். சாக்ரடீஸுக்கு மரணம் நண்பன், இயேசுவுக்கு எதிரி. எதிரியை வென்றாக வேண்டும் என்பதால்தான் உயிர்ப்பு தேவைப்படுகிறது என்றார் குல்மன். கிறிஸ்தவர்களிடமிருந்தே அவருக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. இன்று நம் ஊர்த் துக்க வீடுகளில் கேட்கும் பிரசங்கங்களில் ஆன்மா பரலோகம் போய்ச் சேர்ந்த ஆறுதல் நிறைய இருக்கிறது. உடல் எழும் என்ற பேச்சு ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. பிரசங்கத்தில் சுருங்கிப்போன அந்த நம்பிக்கை குழிவெட்டில் மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோமானியர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். உயிர்த்தெழ இனி என்ன மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். எப்படி அழிந்தாலும் எங்களுக்கு நட்டமில்லை, பழைய நல்ல வழக்கம் என்பதால்தான் புதைக்கிறோம் என்று ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் மினூசியஸ் ஃபெலிக்ஸ் பதில் சொல்லியிருக்கிறார். ஆக, நெருப்பு கடவுளைத் தடுக்கும் என்று திருச்சபை அஞ்சியதில்லை. 1886இல் தகனத்துக்குத் தடை விழுந்தது வேறு காரணத்தால்: இத்தாலியில் மதமறுப்பாளர்கள் எரியூட்டலை உயிர்ப்பு நம்பிக்கைக்கு விடும் சவாலாகவே பரப்பிக்கொண்டிருந்தார்கள். சவாலின் சூடு ஆறியதும் தடையும் தளர்ந்தது. ஆங்கிலிக்கன் சபையில் 1944இலேயே கேண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளின் உடல் எரியூட்டப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் சபைகளின் எதிர்ப்பு மட்டும் இன்றும் பெரிதாகத் தளரவில்லை.

கத்தோலிக்கரின் வாதம் இப்போது சாம்பலைச் சுற்றி நடக்கிறது. அதைத் தூவக் கூடாது, பங்கு போடக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது என்று 2016இல் உரோமை வகுத்தது. இறந்தவர் வாழ்வில் முக்கியமான ஓரிடத்தில் சிறு பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் சற்று இறங்கிவந்தது. ரோன் ஆற்றில் கரைந்த மறைசாட்சிகளை எழுப்பக்கூடிய கடவுளுக்கு, பிள்ளைகள் கடலில் கரைத்த தாயின் சாம்பல் ஒரு தடையா? இல்லை. ஆனால் மனிதர் இயற்கையோடு கலந்து மறைகிறார் என்ற கருத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்கிறது உரோமையின் 2016 ஆவணம். எனக்கு இதைவிட வலுவாகப் படுவது அதே ஆவணம் சொல்லும் இன்னொரு காரணம்: இறந்தவர் மறக்கப்படக் கூடாது. ஒரு பெயர், ஓர் இடம், வந்து ஜெபிக்க யாராவது. இது உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய நியாயம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கேட்பவர்களுக்கு எளிதாகப் புரிந்திருக்கும்.

இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020 ஏப்ரலில் சென்னை பார்த்தது. கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கவிடாமல் ஒரு கூட்டம் விரட்டியது. இரவோடு இரவாக வேலங்காட்டில் புதைத்தார்கள். உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றக் கேட்டு அவர் மனைவி நீதிமன்றம் வரை போனார்.

உடலுக்கு இவ்வளவு மதிப்புத் தரும் மதத்தில், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பிய சுவர் பல ஆண்டுகளாகச் சர்ச்சைக்குள்ளாகிவருகிறது. சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் அறிவித்தது. சாம்பலுக்கு உரோமை விதி வகுத்த அதே ஆண்டு. தகனம் உயிர்ப்புக்கு முரணல்ல என்று தெளிவுபடுத்த ஆணைகளும் விளக்கங்களும் தேவைப்பட்டன. இத்தகைய சுவர்கள் முரண் என்று நிறுவ இறையியல் ஆய்வு எதுவும் தேவையில்லை. கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பில் இருப்பவர்கள் கடப்பாரையோடு நாலு பேரை அனுப்பினால் போதும்.