ஒற்றை எண் என்னும் ஆணவம்

“இழுக்காதீர்கள், ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.” திட்டக் கூட்டங்களில் இந்த அதட்டல் ஒலிக்காத நாளில்லை. ஒரே எண்ணைச் சொல்பவர் விவரம் தெரிந்தவர்; ‘இதிலிருந்து இதற்குள்’ என்பவர் நழுவப் பார்ப்பவர். போதிய தரவு இல்லாமல் நிகழ்தகவுப் பரவல் போடுவது கற்பனை என்று படித்தவர்களே வாதாடுகிறார்கள். ஒற்றை எண்ணும் ஒரு பரவல்தான் ஐயா! மொத்த வாய்ப்பையும் ஒரே புள்ளியில் கொட்டிவிட்டு, மற்ற எதுவும் நடக்கவே நடக்காது என்று சாதிக்கும் பரவல். அதற்கு மட்டும் எங்கிருந்து தரவு வந்தது?

அமெரிக்காவின் வட டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் 1997இல் ஒற்றை எண்ணை நம்பியதற்கு விலை கொடுத்தது. பனி உருகி ரெட் ஆறு எவ்வளவு உயரும் என்று தேசிய வானிலைச் சேவை பிப்ரவரியிலேயே கணித்தது: இனி மழையும் பனியும் இல்லையென்றால் 47.5 அடி, வழக்கம்போல் பெய்தால் 49 அடி. ஊர் 49ஐப் பிடித்துக்கொண்டது. 1979இன் பெருவெள்ளமே 48.8 அடிதான், அதையே சமாளித்தவர்கள் என்ற தெம்பு வேறு. 49 அடிக்குச் சற்று மேலே கரையை உயர்த்தினார்கள். ஏப்ரலில் ஆறு 54.35 அடியைத் தொட்டது. ஊரின் பெரும்பகுதி காலியானது. வெள்ளம் சூழ்ந்த நகர மையத்தில் 11 கட்டடங்கள் எரிந்தன.

அத்தனை வாரம் முன்பே சொன்ன கணிப்பு ஐந்தடி பிசகியதை நான் குறைசொல்ல மாட்டேன். கரையை மீற எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்விக்கு 49இல் பதிலே இல்லை; அதுதான் கோளாறு. கரை ஓரடி கூடிப்போனால் மண்மூட்டைச் செலவு, ஓரடி குறைந்தால் ஊர் போகும். நஷ்டம் இப்படி ஒருபக்கமே சாய்ந்திருக்கையில் நடுமதிப்பை வைத்து முடிவெடுப்பது சூதாட்டம்.

அலுவலகங்களில் இதே தவற்றை எக்செல் கட்டங்களில் செய்கிறோம், கட்டத்துக்கு ஒரு எண் வீதம். ஒன்றையொன்று சாராத பத்து வேலைகள். ஒவ்வொன்றும் சொன்ன தேதிக்குள் முடியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்தும் முடிந்தால்தான் திறப்புவிழா. அந்த விழா சொன்ன தேதியில் நடக்க வாய்ப்பு 1024இல் ஒன்று! கணிதவியலாளர்கள் உலாமும் ஃபான் நாய்மனும் 1940களில் வகுத்த மான்டே கார்லோ முறையை, அதாவது எண்களைக் குலுக்கிப் போட்டுத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விளைவுகளின் பரவலைக் காணும் முறையை, இன்று சாதாரண மடிக்கணினியே பல்லாயிரம் தடவை நொடிகளில் ஓட்டிக்காட்டும். பிறகும் ஒற்றைத் தேதியை அச்சடிக்கிறோம்.

அந்த முறைக்கான மென்பொருள் வாங்கியதும் புத்தி வந்துவிடாது. குறைந்தது, சாத்தியமானது, அதிகம் என்று மூன்று எண்ணைத் தட்டி முக்கோண வடிவில் பரவல் வரைபவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய ‘அதிகம்’ இதுவரை நடந்ததற்குமேல் போவதேயில்லை. சிமென்ட் விலையும் கம்பி விலையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். இரண்டையும் தனித்தனியாகக் குலுக்கிப் போட்டால் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் விழுங்கி, மொத்தச் செலவின் பரவல் அடக்கமாகத் தெரியும். ஆகவே, வளைவரையைக் காட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எதனோடு எது சேர்ந்து ஏறும் என்று கணினிக்குச் சொன்னீர்களா, அதை யார் சொன்னார்கள்?