ஓட்டத்தைக் குத்தம் சொல்லாதீங்க சாமிகளா

"ஓடி ஆடுற டீம் கோப்பை ஜெயிக்காது" என்று இன்னமும் ஜல்லியடிக்கிறவர்களுக்கு: ஃபீனிக்ஸ் சன்ஸைக் கவுத்தது ஓட்டம் இல்லைங்க. ஏழு விநாடிக்குள் ஷாட் எடுக்கும் டேன்டோனி பாணியில்தான் 2004-05ல் 62 வெற்றி. நாஷ் பந்தோடு கிளம்பினால் மேரியன் கூடவே பறப்பார். 2008 பிப்ரவரியில் அந்த மேரியனைக் கொடுத்துட்டு, 35 வயது ஷாக்கை வாங்கினாங்க. ஷாக் ஜாம்பவான்தான், யார் இல்லேன்னா? நானும் கோட் எழுதிப் பிழைக்கிறவன். வேற சிஸ்டத்துக்கு எழுதின மாட்யூலை நடுவில் செருகினா, ஓடிட்டிருந்ததும் தொங்கிடும். தொங்கிச்சு: முதல் சுற்றிலேயே ஸ்பர்ஸிடம் 4-1 தோல்வி, அடுத்த சீசனில் ப்ளேஆஃபே கிடையாது. ஷாக் போன பிறகு மறுபடி ஓடினாங்க, 2010ல் மேற்குப் பிரிவு இறுதி வரைக்கும். கோப்பை வரலை, ஒத்துக்கறேன். ஆனா ஆட்டத்துக்கு ஏத்த ஆளை எடுக்காம, ஆட்டத்தையே திட்டுறது என்ன நியாயம்?