காதில் பயான், கையில் ஹேண்டில்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டு வாசிக்க வேண்டாம். அப்படி வாசிக்கிறவர்களும் நமக்குள் இருக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறோம்.

காலை ஆறரை மணிக்கு நமது வீதிகளைப் பாருங்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து தலைமன்னாருக்கு ஒருவர், தாராபுரத்திலிருந்து சிலாவத்துறைக்கு ஒருவர், நகரத்திலிருந்து தாம்போதி தாண்டி விடத்தல்தீவுக்கு ஒருவர். ஆசிரியர்கள், தாதியர், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள், மீன் எடுக்கப் போகிறவர்கள். பஸ்ஸை நம்பினால் முதலாம் பாடவேளை போய்விடும், ஆகவே மோட்டார் சைக்கிள். மன்னாரிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். போக வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தனியாக இருக்கிறோம். அந்த நேரத்தை வீணாக்காமல் எதையாவது கேட்போம் என்று நம்மில் பலர் நினைப்பது இயற்கை. சிலர் பாட்டு. சிலர் கிராஅத். சிலர் பயான். இப்போது இளையவர்கள் பொட்காஸ்ட் என்கிறார்கள், இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார்கள். நல்ல விஷயங்களும் அதில் இருக்கின்றன.

இசை ஹராமா ஹலாலா என்ற வாதத்தை நாம் இங்கே தொடவில்லை. அதற்கு ஊரில் மவ்லவிமார் இருக்கிறார்கள், பின்னூட்டத்தில் சண்டை பிடிக்க ஆட்களும் இருக்கிறார்கள். நாம் பேச வருவது வேறு. “நான் பாட்டா கேக்கிறன்? பயான்தானே கேக்கிறன்” என்ற பதிலைப் பற்றி. இந்தப் பதிலைச் சொல்கிறவருக்குத் தான் செய்வது நன்மை என்ற தைரியம் இருக்கிறது. பின்னால் வரும் டிப்பருக்கு அந்தக் காதில் ஓடுவது சினிமாப் பாட்டா, தப்ஸீரா என்று தெரியாது. குர்ஆன் ஓதப்படும்போது பேச்சை விட்டுக் காது கொடுக்கும்படிதான் அல்-அஃராஃப் சூராவில் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வளைவில் பிரேக் பிடித்துக்கொண்டு, மாட்டை விலக்கிக்கொண்டு, பஸ்ஸை முந்திக்கொண்டு அப்படிக் காது கொடுக்க முடியுமா? ஒன்றில் ஓதலுக்குக் குறை வைக்கிறோம், அல்லது வீதிக்குக் குறை வைக்கிறோம். இரண்டுமே நடப்பதுதான் அதிகம்.

காரில் ரேடியோ கேட்பதில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரில் மெல்லிய சத்தத்தில் ரேடியோ கேட்பதால் ஓட்டுபவரின் கவனம் பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000களின் ஆரம்பத்திலிருந்து இதைப் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட முக்கியமான விஷயம், போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் கை படாமல் பேசினாலும் கவனம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறுகிறது என்பது. கண் முன்னே இருக்கும் பொருளைக் கண் பார்க்கிறது, மூளை பதிவதில்லை. ரேடியோ அந்த அளவுக்குக் கெடுக்கவில்லை.

அப்படியென்றால் நமக்கு என்ன பயம்? இரண்டு காரணம் இருக்கிறது.

முதலாவது, மோட்டார் சைக்கிள் கார் அல்ல. மணிக்கு 60, 65 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டி வந்துவிடும். 100 கிலோமீட்டரில் 100 டெசிபலை நெருங்கும். அந்த இரைச்சலுக்கு மேலால் ஹஸரத்தின் குரல் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டத்தான் வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளைக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. கணக்குப் பாட ஆசிரியர்கள் போட்டுப் பாருங்கள். 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். தலைமன்னாருக்குப் போய்ச் சேர அது போதாது. வீதி விபத்தை விடுங்கள், 40 வயதில் வகுப்பில் பின் வாங்குப் பிள்ளை கேட்கும் கேள்வி நமக்குக் கேட்காமல் போகும். காது மெல்லமாகத்தான் போகும், போன பிறகு திரும்பாது.

நமது மன்னாரின் காற்று தனி ரகம். தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்பது சும்மா அல்ல. சோளகம் வீசும் மாதங்களில் தாம்போதியில் போகிறவர்களுக்குத் தெரியும், சுமார் 3 கிலோமீட்டரும் மோட்டார் சைக்கிளைச் சரித்துப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பக்கத்தால் ஒரு பஸ் கடந்தால் ஒரு கணம் காற்று தடைப்படும், பஸ் போனதும் திரும்பவும் வந்து அறையும். பஸ் வருவது முன்கூட்டியே தெரிந்தால்தான் கை தயாராக இருக்கும். அது எப்படித் தெரியும்? கண்ணாடியில் பார்த்து, அல்லது காதால் கேட்டு. நமது பிள்ளைகள் ‘ஸ்டைல்’ என்று பக்கக் கண்ணாடி இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள். காதிலும் அடைத்தால் பின்னால் என்ன இருக்கிறது என்பது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. பாட்டுக்காகவோ பயானுக்காகவோ காதில் போட்டது, அழைப்பு வந்தால் அதையும் எடுக்கும். ஒரு தட்டுத் தட்டினால் போதும். போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயமாவது இருக்கிறது. காதுக்குள் இருக்கும் வெள்ளைப் பொத்தானை ஹெல்மட்டுக்குள் யார் காண்பது? ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளின் ஹிஜாபுக்குள் யார் காண்பது? ரேடியோவைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஒரு நொடியில் பேசுகிறவர் ஆகிவிடுகிறார். கவனத்தை அதிகம் கெடுப்பது பேச்சு.

அந்த அழைப்பை எடுப்பது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். “மகன், எங்க நிக்கிறாய்?” “வரக்குள்ள பாண் ரெண்டு வாங்கிட்டு வாங்க.” “சின்னவனுக்குக் காய்ச்சல், எப்ப வருவீங்க?” பிள்ளை வீதியில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே எடுக்கிறோம். அவன் எடுக்காவிட்டால் பயந்து மூன்று தரம் எடுக்கிறோம். பாசத்தில் செய்வது, ஆனால் ஆபத்து. உம்மாமாருக்கும் வீட்டுக்காரிகளுக்கும் மட்டும் இதைச் சொல்லவில்லை, அலுவலகத்திலிருந்து எடுக்கிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடசாலைக்கு வந்துகொண்டிருக்கும் ஆசிரியருக்கு ஆறேமுக்காலுக்கு அழைப்பு எடுத்து லீவு விபரம் கேட்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. குரல் பதிவு அனுப்பினால் இறங்கியதும் கேட்பார்.

நமது பக்கத்துப் புகையிரதக் கடவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் திரும்பவும் ஓடத் தொடங்கியது. 25 வருடம். அதே 1990இன் ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் வேறிடங்களிலும் வளர்ந்து, திரும்பி வந்த பிள்ளைகள் ஒரு பக்கம். இங்கேயே இருந்து யுத்தத்துக்குள் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் இந்தத் தண்டவாளத்தில் ரயில் வரும் என்ற பழக்கமே இருக்கவில்லை. நமது வாப்பாமார் கடவைக்குக் கிட்ட வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் காது கொடுப்பார்கள். “கோச்சிச் சத்தம் கேக்குதா பார்” என்பார்கள். அந்தப் பழக்கம் நடுவில் அறுந்துபோய்விட்டது. இன்றும் ரயில் நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான் வருகிறது. அடிக்கடி வந்தாலாவது பயம் இருக்கும். எப்போதாவது வருவதால்தான் ‘இப்ப வராது’ என்று போகிறோம்.

2021 மார்ச்சில் தலைமன்னாரில் தனியார் பஸ் ஒன்றும் ரயிலும் கடவையில் மோதியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாடசாலைப் பிள்ளை ஒன்று மௌத்தாகியது, பலர் காயப்பட்டார்கள். அதற்கும் இயர்போனுக்கும் தொடர்பு என்று நாம் சொல்ல வரவில்லை. நமது கடவைகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்பதற்காகச் சொல்கிறோம். படலையும் காவலாளும் எல்லாக் கடவைக்கும் கிடைக்கும் வரை, கண்ணும் காதும்தான் படலை. ரயில் பாதையில் இயர்போனோடு நடந்து அடிபட்ட செய்திகள் தெற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன.

கழுதைகளை விட்டுவிட்டால் மன்னாரைப் பற்றி எழுதியதாக ஆகாது. இஷாவுக்குப் பிறகு நகரத்துக்குள்ளும் தலைமன்னார் வீதியிலும் நடுத்தாரில் கூட்டமாக நிற்கும். கழுதை ஹோர்ன் அடிக்காது, ஆகவே காது திறந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை என்று ஒரு நண்பர் வாதாடினார். சரிதான். கழுதையைக் காணக் கண் வேண்டும். ஆனால் மனம் வேறு இடத்தில் இருந்தால் கண்ணும் அங்கே இல்லை. செவிப்புலன் இல்லாதவர்கள் பல நாடுகளில் வாகனம் ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். காது இல்லை என்று தெரிந்ததால் அவர்கள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். காது இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டு அதை வேறு வேலைக்குக் கொடுத்தவர்தான் மாட்டுப்படுகிறார்.

பிரான்ஸில் நமது மன்னார் உறவுகள் நிறையப்பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே 2015 ஜூலை 1 முதல் கார், மோட்டார் சைக்கிள் மட்டுமல்ல, சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவரும் காதில் இயர்போன் போட முடியாது. 135 யூரோ தண்டம், அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளி போகும். ஹோர்ன் சத்தம் குறைந்த நாட்டில் அப்படி. இங்கே ஹோர்ன் ஒரு பாஷை. சின்னதாக ஒன்று அடித்தால் ‘பின்னால வாறன்’. இரண்டு அடித்தால் ‘விலகு’. நீளமாக அடித்தால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பஸ் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று முந்துகிறார். அது சரியா பிழையா என்பது வேறு கதை. அந்தப் பாஷை கேட்காதவருக்கு நமது வீதியில் இடமில்லை.

ஏ32 வழியாகப் பூநகரி, யாழ்ப்பாணம் போகிறவர்கள் இன்னொன்று சொல்வார்கள். வெள்ளாங்குளம் தாண்டினால் வெறும் வீதி, வெயில், நித்திரை வருகிறது, பாட்டுப் போட்டால்தான் முழிப்பு. அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் நித்திரைக்குப் பாட்டு மருந்தல்ல. மரநிழலில் நிறுத்தி, முகம் கழுவி, பத்து நிமிடம் சாய்ந்து எழும்புங்கள். பயணிகளுக்கு மார்க்கம் தொழுகையையே சுருக்கித் தந்திருக்கிறது, பத்து நிமிடம் பிந்தினால் யாழ்ப்பாணம் ஓடிவிடாது. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகும் கத்தோலிக்கச் சகோதரர்களுக்கும் இது பொருந்தும்.

நோன்பு மாதத்தில் இன்னொரு காட்சி. மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும், கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் வீட்டுக்குப் பறக்கிறோம். அதான் சொல்லிவிட்டதா என்று அறிய ஒரு காதில் வானொலி ஓடுகிறது. வயிற்றில் ஒன்றுமில்லை, தொண்டை காய்ந்திருக்கிறது, எதிரில் வருகிறவரும் அதே நிலையில்தான் வருகிறார். பேரீச்சம்பழம் இரண்டைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வழியில் அதான் கேட்டால் நிறுத்தித் திறக்கலாம். எந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நின்றாலும் கஞ்சி தருவார்கள், நமது ஊர்களில் அதற்குக் குறைவில்லை.

ஸலாத்தைப் பற்றியும் ஒரு விஷயம். வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டித் தந்த முறை. பாதைக்கு உரிமைகள் உண்டு, ஸலாத்துக்குப் பதில் சொல்வதும் அதில் ஒன்று என்றும் படித்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடத்தில் எழுதியும் கொடுக்கிறோம். அஸருக்குப் போகும் வயது முதிர்ந்த ஒருவர் ஒழுங்கையில் ஸலாம் சொல்கிறார். பொடியன் நேரே பார்த்துக்கொண்டு போகிறான். அவன் பெருமைக்காரன் என்று அவர் வீட்டில் போய்ச் சொல்கிறார். அவனுக்கோ அவர் வாய் திறந்ததே தெரியாது. அவன் கேட்டுக்கொண்டு போனது பெரியோரை மதிப்பது பற்றிய பயானாகக்கூட இருக்கலாம்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தல் சொல்லும்போது இரண்டு நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். ஆசிரியர்களே, உயர்தரப் பிள்ளைகள் நமது வாயைப் பார்ப்பதைவிட நாம் கேற்றுக்குள் நுழையும் விதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஹெல்மட்டைக் கழற்றியதும் காதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதை அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் முடியாது, ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் அழைப்பு வராதபடி போனை மாற்றி வைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும், சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள். கடவை, சந்தி, தாம்போதி வரும்போது அதையும் கழற்றுங்கள். நமது நாட்டில் வாகனங்கள் முந்துவது வலப்பக்கத்தால். ஆகவே போடுவதென்றால் இடக்காதில் போடுங்கள், வலக்காது திறந்தே இருக்கட்டும்.