இலைக்காக ஒரு கிழங்கு

டெல்லியில் பால்கனித் தொட்டியில் பீட்ரூட் போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கிழங்கை மறந்துவிட்டுப் போடுங்கள் என்பேன். ஓரடித் தொட்டியில் தேறுவது மூன்று, மிஞ்சினால் நான்கு கிழங்கு. ஒரு வேளைப் பொரியலோடு தீர்ந்தது. மண், உரம், தண்ணீர் என்று கணக்குப் பார்த்தால் கட்டவே கட்டாது. ஆனால் தள்ளுவண்டிக்காரரிடம் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று, நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை அந்தத் தொட்டியில் கிடைத்துக்கொண்டே இருக்கும்: கீரை.

சந்தைக்கு வரும் பீட்ரூட்டில் பெரும்பாலும் இலை இருப்பதில்லை. இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்து, கிழங்கு தொளதொளத்துப் போகும். அதனால் கழுத்தோடு அறுத்துவிடுகிறார்கள். தப்பித் தவறி இலையோடு வந்தாலும், தராசில் வைக்குமுன் வண்டிக்காரர் அதைத் திருகிக் கீழே போட்டுவிடுவார். எங்கள் தெரு மாட்டுக்கு அந்த நேரம் மனப்பாடம்.

இதனால் இந்த ஊர்க்காரர்கள் பீட்ரூட் இலையை அறியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலம் முழுக்க அதன் சொந்தக்காரரைத்தான் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். தேசி பாலக் என்று விற்கும் கீரை தாவரவியல்படி பீட்ரூட்டின் இனமேதான். இரண்டுக்கும் பெயர் பீட்டா வல்காரிஸ். வெள்ளைக்காரர்களின் ஸ்பினாச் வேறு செடி, இங்கே அது விலாயத்தி பாலக். ‘பூசா ஹரித்’ என்ற பாலக் ரகம், சர்க்கரை எடுக்கும் பீட்டையும் உள்ளூர் பாலக்கையும் இனக்கலப்பு செய்து உருவாக்கியது. பூசா நிறுவனத்துக்குக் குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்ற ஊரில் இருக்கும் கிளையில் நடந்த வேலை அது. (பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த அந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் இடிந்துபோய், 1936இல் டெல்லிக்குக் குடிவந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.) ஆகவே பாலக் பனீரை வழித்துச் சாப்பிடுகிறவர் பீட்ரூட் இலையைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயமே இல்லை.

விதைக்க அக்டோபர் சரியான மாதம். தசரா, தீபாவளியை ஒட்டி நர்சரிகளில் டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் என்ற இரண்டு ரகமும் கிடைக்கும். விதை என்று நாம் நினைப்பது உண்மையில் விதை அல்ல, இரண்டு மூன்று விதைகள் ஒட்டிக்கொண்ட சொரசொரப்பான காய். இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போட்டால், ஒரே இடத்தில் மூன்று முளை சிவப்புத் தண்டோடு எட்டிப்பார்க்கும். பாவம் பார்க்காமல் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் ஆடிப்போகும். நறுக்கியதைத் தயிர்ச்சாதத்தில் தூவிக்கொள்ளலாம்.

வெயில்தான் முக்கியம். டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும், டெல்லியில் 38 பாகைதான். இப்படித் தாழ்ந்து வருவதால் தெற்குப் பார்த்த பால்கனியில் வெயில் வீட்டுக்குள் சோபா வரைக்கும் வந்து உட்காரும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு கீற்றும் கிடையாது. அவர்கள் மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் செடி டெல்லிக்கென்றே பிறந்தது. இதன் காட்டு மூதாதை ஐரோப்பியக் கடலோரத்தில் வளர்வது. முளைத்து வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் விட்டால் போதும், பிறகு போர்வெல்லின் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். மாட்டுச்சாண உரத்தை அளவுக்கு மேல் போட்டால் இலை கொழுத்துக் கிழங்கு சிறுத்துவிடும் என்று தோட்டக்கார மாலிகள் எச்சரிப்பார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகவே படவில்லை.

பறிக்கும்போது ஒவ்வொரு செடியிலும் வெளிச்சுற்றிலிருந்து இரண்டு இலை, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. குருத்தைத் தொடாவிட்டால் அடுத்த வாரமும் இலை உண்டு. டெல்லியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நவம்பர் புகைமூட்டத்தில் இலைமேல் படியும் கரி குழாயில் காட்டியவுடன் போய்விடாது. அகலப் பாத்திரத்தில் முக்கி எடுங்கள்; முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இறங்கும். மூன்றாவது தண்ணீர் தெளிந்தபின்தான் அடுப்படிக்கு எடுத்துப்போவேன்.

சமையல் எளிது. தண்டைத் தனியாகப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு நான்கு பல் பூண்டு, மஞ்சள் சேர்த்து வேகவைக்க வேண்டும். தண்டு குழைந்தபின் இலையைப் போட்டு மூடாமல் இரண்டு நிமிடம். மத்தால் ஒரு கடை கடைந்து, கடுகு, உளுந்து, மோர்மிளகாய் தாளித்தால் மசியல் தயார். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ஒரு பழைய காவிப் பட்டின் நிறம் வரும். ருசியில் பாலக்கைவிடக் கொஞ்சம் கனம், கொஞ்சம் இனிப்பு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கை ஒதுக்குவதுபோல் இதையும் ஒதுக்க வேண்டும், ஆக்சலேட் அதிகம்.

கிழங்கையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஜனவரியில் மண்ணுக்கு மேலே தோள் காட்டும்போது டென்னிஸ் பந்தைவிடச் சிறிதாக இருக்கையிலேயே பிடுங்கிவிட வேண்டும். தோலோடும் ஓர் அங்குலக் காம்போடும் வேகவைத்தால் சாயம் தண்ணீரில் போகாது. பீட்ரூட்டின் மண்வாடை பிடிக்காதவர்கள் பலர். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் அந்த வாடைக்கும் காரணம். புளிப்புப் பட்டால் அடங்கிவிடும். பொரியலைவிடத் தயிர்ப் பச்சடிக்கு பீட்ரூட் பொருந்திப்போவது இதனால்தான் என்பது என் கட்சி.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிஜி அந்தப் புளிப்பை வேறு வழியில் கொண்டுவருவார். கறுப்புக் காரட்டை விரல் நீளத்துக்கு அரிந்து, ஒன்றிரண்டாக இடித்த கடுகு, உப்பு, மிளகாய்த்தூளோடு கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி நான்கைந்து நாள் வெயிலில் வைத்தால் காஞ்ஜி. மூக்கில் ஏறும் கடுகுக் காரமும் புளிப்புமாக, சாப்பாட்டுக்கு முன் ஒரு தம்ளர் குடித்தால் பசி கிளம்பும். கறுப்புக் காரட் கிடைக்காத வாரம் சிவப்புக் காரட்டோடு என் தொட்டிக் கிழங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். “உங்கள் பீட்ரூட் கலருக்கு மட்டும்தான், ருசிக்குக் கறுப்புக் காரட்தான்” என்று மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு முறை இலையையும் கொடுத்தேன். பருப்போடு கடைந்து பார்த்தவர் மறுநாள் வந்து, “கிழங்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்த இலை இன்னும் இருக்கிறதா?” என்றார்.